பழைய ரிவோல்வரும் 1815ஆம் ஆண்டின் எல்லைக்கோடும்

அம்பாறைப் பிரதேசத்து இறக்காமத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு, யுத்தம் மூளுவதற்கு முந்திய காலத்தில், துவக்கு என்பது மனிதனை அச்சுறுத்தும் ஆயுதமாகத் தோன்றியதில்லை. பெரும்போகக் கதிர் முற்றும் நாட்களில் வட்டைக்குள் இறங்கும் யானையையும் பன்றியையும் வெருட்டுவதற்காக, கச்சேரியில் அனுமதிப்பத்திரம் பெற்று, வாடியின் மூலையில் சாத்தி வைக்கப்பட்டிருந்த இரட்டைக்குழல் துவக்கு, மண்வெட்டியோடும் தாக்கத்தியோடும் ஒருசேர எண்ணப்பட்ட பண்டமாகவே இருந்தது. எங்கள் மூத்தாப்பாவிடம் அப்படியொன்று இருந்தது. காலம் கெட்டபோது அதை ஒப்படைக்க வேண்டியதாயிற்று. ஒப்படைத்தது திரும்பி வரவில்லை. அந்தத் துவக்குப் போனதைப் பற்றி எனக்கு விசனமில்லை. அது போனதே வீட்டுக்கு நன்மை. ஆனால் அதன் குழலின் அடியில் பொறித்திருந்த சிறு முத்திரைகளையும் இலக்கத்தையும் எங்களில் ஒருவரும் ஒரு துண்டுக் காகிதத்திலேனும் எழுதி வைக்கவில்லையே என்பதுதான், வருஷங்கள் பல கழிந்த பிறகும் மனத்தை விட்டு நீங்காத குறையாக நிற்கின்றது.

அந்த முத்திரைகளின் மதிப்பை எனக்கு உணர்த்தியது, சில வருஷங்களுக்கு முன் மலைநாட்டில் ஒரு பழைய தோட்டத்து வீட்டில் நான் கண்ட ரிவோல்வர். உரிய அனுமதியோடு அதை வைத்திருந்த பெரியவர், பருத்தித் துணியாலான கையுறை அணிந்து, அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேற்பாகத்துக் கொக்கியைப் பெருவிரலால் அழுத்தினார். குழல் தலை தாழ்த்துவதுபோலக் கீழே மடிய, உருளையின் நடுவிலிருந்து நட்சத்திர வடிவான தகடொன்று மெல்ல மேலெழுந்தது. ஆறு அறைகளும் வெறுமை என்பதைக் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலால் தொட்டும் பார்த்த பிறகுதான் அவர் அதை என் பக்கம் திருப்பினார். பழைய ஆயுதத்தைக் கையில் எடுப்பவர் செய்ய வேண்டிய முதற் காரியம் இதுவே என்றும், இதைச் செய்யாதவருக்கு அதன் சரித்திரத்தைப் பற்றிப் பேச அருகதை இல்லை என்றும் அவர் சொன்னது இப்போதும் காதில் நிற்கின்றது.

அது பர்மிங்காம் நகரத்து வெப்லி நிறுவனத்தார் செய்தது. பிரிட்டிஷ் இராணுவம் 1887இல் ஏற்றுக்கொண்ட வெப்லி ரிவோல்வரின் முதல் வகையிலிருந்து, முதலாம் உலக யுத்தத்தின் நடுவே 1915இல் வந்த ஆறாம் வகை வரையில், தூரத்துப் பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். பிடியைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்: முந்திய வகைகளின் பிடி பறவையின் தலைபோல வளைந்து முடியும், ஆறாம் வகையின் பிடி சதுரமாக வெட்டப்பட்டது, குழலும் ஆறு அங்குல நீளமுடையது. குழலுக்கு மேலுள்ள பட்டையின் இடப்பக்கத்தில் வகையின் இலக்கமும், உடற்பாகத்தில் தொடர் இலக்கமும் இருக்கும். ஓர் அகன்ற அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உடைமையாக இருந்தது என்று அர்த்தம்; இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால், அரசாங்கம் அதைத் தன் சேவையிலிருந்து நீக்கி விற்றுவிட்டது என்று அர்த்தம். கிரீடத்தின் கீழ் நிற்கும் சிற்றெழுத்துகளோ, 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச்சாலையில், அளவுக்கு மிஞ்சிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் வெடிக்கவில்லை என்று கண்ட பின் இடப்பட்டவை. ஆக, ஓர் இராணுவ உத்தியோகஸ்தரின் இடுப்பிலிருந்து ஒரு துரையின் மேசை இழுப்பறைக்கு அந்த இரும்பு வந்து சேர்ந்த வழியெல்லாம், படிக்கத் தெரிந்தவருக்கு, அதன் மேனியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இத்தகைய எழுத்தை அழிப்பவர்கள் பெரும்பாலும் பகைவர்களல்லர், அன்போடு துடைப்பவர்களே. கறள் கண்டதும் உப்புத்தாள் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கும் ஒருவர், தொழிற்சாலையில் ஏற்றிய கருநீல மெருகையும் முத்திரையின் விளிம்பையும் ஒரே மணி நேரத்தில் போக்கிவிடுகிறார். ஒருமுறை போன மெருகு மீளாது, பின்னர் எத்தனை அழகாகப் பூசினாலும் அது வேறு பொருளே. நம் வீடுகளில் கத்திக்கும் பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய் தடவும் வழக்கம் உண்டு. நுட்பமான பொறிக்கு அது ஆகாது, நாட்பட நாட்படப் பிசினாக இறுகிப் பொறியை முடக்கிவிடும். மெல்லிய கனிய எண்ணெய் ஒரு துளி துணியில் நனைத்துத் துடைப்பதும், பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்ட நுண்படிக மெழுகை இலேசாகப் பூசுவதும் போதும். வாய் பொருந்தாத திருப்புளியால் ஆணியைத் திருகிச் சிதைப்பது இன்னொரு பெரும் சேதம். இவை எல்லாவற்றையும்விட மோசமானது, பார்வைக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும் தோலுறை. பதனிட்ட தோலில் தங்கியிருக்கும் உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். கல்முனைக் கரையிலிருந்து வாடைக்காற்று உப்பையும் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு வரும் எங்கள் பிரதேசத்தில் ஒரு மாரிகாலமே அதற்குப் போதுமானது. அந்தப் பெரியவர் தோலுறையைத் தனியாகவும் ரிவோல்வரைத் தனியாகவும் வைத்திருந்தார்; விரல் பட்ட இடத்தின் வியர்வை உப்புக்கூட ரேகையின் வடிவிலேயே கறளாக எழும் என்பதனால்தான் அந்தக் கையுறையும்.

ஒரு தனி மனிதரிடம் காணப்பட்ட இந்தக் கவனம் தேசத்தின் ஏற்பாடுகளில் காணப்பட வேண்டும் என்பதே என் வாதம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச்சட்டம், தொல்பொருளுக்கு வகுத்த காலவெல்லை 1815 மார்ச் 2ஆந் திகதி. கண்டி ராச்சியம் பிரிட்டிஷாரின் கைக்குப் போன நாள் அது. இன்று நாம் அறிந்த ரிவோல்வருக்கு சாமுவேல் கோல்ட் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதோ 1836இல். அந்த எல்லைக்கோட்டை வைத்து அளந்தால், எத்தனை தலைமுறை கடந்தாலும், ஒரு ரிவோல்வர் தொல்பொருளாக முடியாது. அந்த எல்லைக்கு முற்பட்டவற்றுக்கு நேர்ந்த பாக்கியத்தைப் பாருங்கள்: 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்து சென்ற லெவ்கே திசாவையின் பீரங்கி, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த அந்த அருங்கலை, ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையிலிருந்து வேறு ஐந்து பொருள்களோடு 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திரும்பி வந்தது. சிங்களக் கம்மாளர் செய்த பழந்துவக்குகளில் பொறி இடப்பக்கத்தில் அமைந்திருக்கும் விசேஷத்தை ஆராய்ந்து எழுதவும் அறிஞர்கள் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியின் நூற்றுமுப்பது சொச்ச வருஷங்களுக்கு மட்டும் இரும்பிலே சாட்சி வேண்டாமா?

அயல்நாடான இந்தியா, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில், வழக்கொழிந்த அமைப்புடையதோ பழம்பொருள் மதிப்புடையதோ ஆன ஆயுதம், பழுதுபார்த்தாலும் சுடுகலனாகப் பயன்படாத நிலையில் இருக்குமானால், அதை அச்சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றது. நமது சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் 1916ஆம் ஆண்டினது. அதைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கட்டுத்துவக்கில் கால் சிதைந்து வந்த விவசாயியையும், குண்டு பாய்ந்து புண்ணழுகிக் குளக்கரையில் நாட்கணக்காக நின்ற யானையையும் கண்ட ஊரவன் நான். முப்பது வருஷ யுத்தத்தில் துவக்கின் சொல்லே சட்டமாயிருந்த நாட்களையும் அறிந்தவன். வீட்டுக்கு வீடு ரிவோல்வர் இருப்பதை விட, நாட்டில் ஒன்றுமே இல்லாதிருப்பது மேல் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

நான் கேட்பது வேறு. தற்பாதுகாப்புக்காக வழங்கப்பட்ட சுடுகலன்களை மீளாய்வுக்காகத் தற்காலிகமாக ஒப்படைக்கும்படி 2024இன் இறுதியில் பாதுகாப்பு அமைச்சு பணித்ததை வாசகர் அறிவர். இவ்வாறு ஒப்படைக்கப்படுபவற்றிலும், வழக்குகளில் கைப்பற்றப்படுபவற்றிலும், உரிமையாளர் இறந்த பின் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேருபவற்றிலும், உலக யுத்தங்களுக்கும் முந்திய பழைய படைப்புகள் கலந்திருக்கக் கூடும். உருக்கும் உலைக்கு அனுப்புவதற்கு முன், விஷயம் தெரிந்த ஒருவர் அவற்றைப் பார்வையிட்டு, முத்திரைகளையும் இலக்கங்களையும் படம்பிடித்துப் பதிவு செய்து, அபூர்வமானவற்றைச் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்து நூதனசாலையிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று ஒரு விதி வகுப்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. செயலிழக்கச் செய்யும்போதும் முத்திரையுள்ள பக்கத்தை வெட்டாதிருக்க வேண்டும். எங்கள் அம்பாறைப் பிரதேசத்தில், வேளாண்மைத் துவக்குகளின் பழைய அனுமதிப் பதிவேடுகள் எங்கேனும் எஞ்சியிருந்தால், அவையும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். எந்தப் போடியார் எந்த வருஷம் எந்த நிறுவனத்துத் துவக்கை எந்த வட்டைக் காவலுக்காக வாங்கினார் என்பது, நெற்செய்கையின் சரித்திரத்துக்கும் யானை பின்வாங்கிய காட்டின் சரித்திரத்துக்கும் ஒரே சமயத்தில் சான்றாகும்.

வாசகருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் மூத்தாப்பா காலத்துச் சுடுகலன் ஏதேனும் அனுமதியின்றிக் கிடந்தால், அதைத் தொட்டுச் சோதிக்காமல் பொலிஸாருக்கு அறிவித்து ஒப்படையுங்கள். ஒப்படைக்கும் வேளையில் அதன் இலக்கத்தையும் முத்திரைகளையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரும்படி மரியாதையோடு கேளுங்கள். துவக்கு எப்போதோ போய்விட்ட வீடுகளில், பெட்டகத்தின் அடியில், காணி உறுதிகளோடு மடித்து வைத்த பழைய அனுமதிப்பத்திரம் ஒன்று இருக்கலாம். செல்லுபடியாகாத காகிதம் என்று அதை எரித்து விடாதீர்கள்.