கோடு போடுவதை யார் கவனிக்கிறோம்?

தேர்தல் என்றால் நமக்கு உற்சாகம். கொடி கட்டுகிறோம், கூட்டத்துக்கு லாரி ஏறுகிறோம். யார் நிற்கிறார் என்று கோத்தா கோலா மூடா சாப்பாட்டுக் கடையிலிருந்து பீடோங் தோட்டம் வரை ஒரே பேச்சு. தொகுதிக்கு எல்லை வகுக்கும்போது மட்டும், "அது பெரிய இடத்து விவகாரமுங்க" என்று ஒதுங்கிவிடுகிறோம். அந்தக் கோடு ஒரு தலைவரை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இலங்கை மலையகத்துச் சௌமியமூர்த்தி தொண்டமான் வாழ்க்கையைப் பாருங்கள்.

1947-ல் அவர் நுவரெலியாவில் வென்றார். அவரோடு சேர்த்து இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் போனார்கள். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் தொகுதிகள் அப்படியே இருந்தன, கொழுந்து பறித்தவர்கள் பெயர்தான் பட்டியலில் இல்லை. எழுவரில் ஒருவரும் திரும்பவில்லை. 1959-ல் எல்லை வகுத்தபோதோ, ஜனத்தொகைக் கணக்குக்கு மட்டும் ஓட்டில்லாத தோட்ட மக்களையும் எண்ணிக்கொண்டார்கள். நம் தலையை எண்ணி அடுத்தவனுக்குத் தொகுதி!

1960-லும் 1965-லும் தொண்டமான் நியமன உறுப்பினராகத்தான் உட்கார முடிந்தது. 1977 தேர்தலுக்கு முன் எல்லை மாறி, நுவரெலியா-மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியானது. ஒரு வாக்காளருக்கு மூன்று ஓட்டு. மூன்றையும் ஒருவருக்கே குத்தலாம். அதற்குள் குடியுரிமை பெற்றிருந்த தோட்டத்து மக்களுக்கு இது போதுமே! காமினி திசாநாயக்க முதலிடம், அநுரா பண்டாரநாயக்க இரண்டாமிடம், தொண்டமான் மூன்றாமிடம். முப்பது ஆண்டுக்குப் பிறகு மக்கள் ஓட்டில் வந்தவர், 1978-ல் அமைச்சரானார். அவர் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 1952-லும் அதே திறமை அவரிடம் இருந்ததுதானே?

இங்கே நமக்கு ஓட்டு இருக்கிறது. ஆனால் தோட்டம் துண்டாகி, ஒரே லயத்து ஆட்கள் சுங்கைப் பட்டாணித் தாமான்களில் சிதறிவிட்டோம். புக்கிட் செலாம்பாவ் சட்டமன்றத் தொகுதியில் 2008, 2009 இடைத்தேர்தல், 2013, 2018 என நான்கு முறையும் இந்திய வம்சாவளியினர் வென்றனர். 2023-ல் அது பெரிக்காத்தான் வசம் போனது. அது எல்லை செய்த வேலை அல்ல. கெடாவின் 36-ல் 33 இடங்களை அள்ளிய அலை. அடுத்த கோடு எங்கே விழும் என்பதுதான் நம் கவலை. ஒரு தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை மாநிலச் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்று 1957-ல் இருந்த வரம்பு 1962-ல் தளர்ந்து, 1973-ல் அடியோடு எடுக்கப்பட்டுவிட்டது.

தீபகற்பத்தில் கடைசியாக எல்லை மாறியது 2018 மார்ச்சில். எட்டு ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி; அந்தக் கணக்கு 2026 மார்ச்சில் முடிகிறது. தேர்தல் ஆணையம் உத்தேச எல்லையை வெளியிட்டால், பாதிக்கப்படும் தொகுதியின் பட்டியலில் உள்ள 100 வாக்காளர்கள் சேர்ந்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம். எழுதினால் விசாரணை நடத்தியே ஆகவேண்டும். நூறு பேரும் அந்தத் தொகுதிக்காரர்களாக இருக்கவேண்டும். பினாங்கில் வேலை செய்யும் மகன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறதென்று இப்போதே பார்த்து வையுங்கள்.