சிங்கத்துக்குத் தாய்மொழி இங்கிலீஷா?



நம்ம பசங்க நாலு பேர் ஒன்று கூடினால் முன்பெல்லாம் கிரிக்கெட் பேச்சு. இல்லையென்றால் விஜய்யா, அஜித்தா என்ற பேச்சு. இப்போது அந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. "உன்னோட டாப் டென் அனிமேஷன் படம் என்னடா மச்சான்?"

பாடாலூரில் காலையில் பஸ் ஏறினால், பெரம்பலூர் வருவதற்குள் ஒரு பட்டியல் உடைந்து இன்னொரு பட்டியல் முளைத்துவிடும். சிறுவாச்சூரில் முதலிடத்தில் இருந்த படம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஏழாம் இடத்தில் நிற்கும். கண்டக்டர் அண்ணன்கூட, "இன்னும் முடியலையாப்பா உங்க பஞ்சாயத்து?" என்று கேட்பார்.

2025-ஆம் ஆண்டு இந்தப் பஞ்சாயத்தை ரொம்பவே சூடாக்கிவிட்டது. ஜனவரியில் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா', ஜூலையில் 'மகாவதார் நரசிம்மா', செப்டம்பரில் ஜப்பானின் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்'. மூன்றுமே தமிழ் பேசி தியேட்டருக்கு வந்தன. 'நரசிம்மா' 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் செய்தது. பொம்மைப் படம் குழந்தைகளுக்குத்தான் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்படி ஒருநாள் பஸ்ஸில் நானும் என் பட்டியலைச் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, அடித்து, திருத்தி, இரண்டு நாள் யோசித்துப் போட்ட பட்டியல். ஒரு நண்பன் கேட்டான்: "இதெல்லாம் எந்த லாங்குவேஜ்ல பாத்த?"

"தமிழ்லதான்."

"அட போடா! டப்பிங்ல பாத்ததெல்லாம் கணக்குல வராது. ஒரிஜினல்ல பாத்துட்டு வந்து லிஸ்ட் போடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் இறங்கி கல்லூரி வாசல் வரை நடக்கும்போது அந்த வார்த்தை மட்டும் கூடவே வந்தது. கணக்கில் வராதாமே! படம் கணக்கில் வராதா, நான் கணக்கில் வரமாட்டேனா?

அப்பாயி பார்த்த சிங்கம்

என் பட்டியலில் முதலிடம் 'தி லயன் கிங்'. 2019-இல் வந்த படம். தமிழில் சிம்பாவுக்கு சித்தார்த், வில்லன் ஸ்கார் சிங்கத்துக்கு அரவிந்த்சாமி, பும்பாவுக்கு மறைந்த ரோபோ சங்கர், டிமோனுக்கு சிங்கம்புலி குரல் கொடுத்திருப்பார்கள்.

இதை நான் வீட்டு டிவியில் பார்த்தபோது எங்கள் அப்பாயி சின்ன வெங்காயம் அரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதலில், "ஏன்டா, மிருகத்தையெல்லாம் பேச விட்டுருக்கானுவ" என்று சிரித்தார். அரைமணி நேரத்தில் அரிவாள்மனை ஓரமாகப் போய்விட்டது. ஸ்கார் தன் அண்ணன் முஃபாசாவை மலையிலிருந்து தள்ளிவிடுகிற காட்சி வந்ததும் அப்பாயி சொன்னார்:

"பாவிப்பய! ஒரு காட்டுக்கு ஆசப்பட்டுக் கூடப் பொறந்தவனையே கொன்னுபுட்டானே. அந்தக் குட்டிக்கு இவன் சித்தப்பன்காரன்தானே? நம்ம ஊரு பங்காளிச் சண்டைதான்டா இது!"

நண்பர்களே, நம்ம பக்கம் காடு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சோளமும் பருத்தியும் போடுகிற மானாவாரி நிலம்தான் காடு. வரப்புச் சண்டையில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் நம் ஊர்களில் எத்தனை! ஆப்பிரிக்கக் காட்டுச் சிங்கத்தின் கதையை அப்பாயி ஒரு நொடியில் ஆலத்தூர் தாலுகாவுக்குக் கொண்டுவந்துவிட்டார். இங்கிலீஷில் 'அங்கிள்' என்றால் மாமாவா, பெரியப்பாவா, சித்தப்பாவா? அது அங்கே முக்கியமில்லை. தமிழில் சொல்லும்போது சித்தப்பா என்று வந்தே தீரும். அப்படி வரும்போது கதையின் விஷமும் சேர்ந்து வெளியே வருகிறது. சொத்துக்கு அடுத்த வாரிசு அவன்தானே!

அன்று நான் அதைச் சப்டைட்டிலோடு பார்த்திருந்தால் அப்பாயி வெங்காயம் அரிந்து முடித்துவிட்டு எழுந்து போயிருப்பார். சப்டைட்டில் என்பது படித்தவர்களுக்குத் திறக்கிற கதவு. டப்பிங் என்பது எல்லோருக்கும் திறக்கிற கதவு. இதில் எது உசத்தி?

எது ஒரிஜினல்?

சரி, 'ஒரிஜினல்' என்கிறார்களே, அது என்ன என்று கொஞ்சம் தேடிப் படித்தேன்.

ஹாலிவுட் கம்பெனிகளில் பெரும்பாலும் முதலில் நடிகர்களின் குரலைப் பதிவு செய்கிறார்கள். பிறகு அந்தக் குரலுக்கு ஏற்றபடி உதட்டையும் முகத்தையும் அசைய வைக்கிறார்கள். ஜப்பானில் பெரும்பாலும் நேர் எதிர். படத்தை முதலில் வரைந்துவிட்டு, ஓடுகிற படத்தைப் பார்த்துத்தான் நடிகர்கள் குரல் கொடுக்கிறார்கள். அந்த முறைக்கு அங்கே 'அஃப்ரெக்கோ' என்று பெயர். அதாவது, ஜப்பான் அனிமேயில் ஜப்பான் மொழியே பெரும்பாலும் பின்னால் ஒட்டப்பட்டதுதான்! அப்புறம் தமிழில் ஒட்டினால் மட்டும் என்ன பாவம்?

'ராமாயணா' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூகோ சாகோ என்ற ஜப்பானியரும், நம் நாட்டு அனிமேஷன் முன்னோடி ராம் மோகனும் சேர்ந்து இயக்கி 1992-இல் உருவான படம். ஏறத்தாழ ஒரு லட்சம் படங்களைக் கையாலேயே வரைந்தார்கள். அதன் மூல வசனம் எந்த மொழி தெரியுமா? இங்கிலீஷ்! பாட்டெல்லாம் சமஸ்கிருதம். ஆக, நம் நண்பன் சொல்கிற கணக்குப்படி, ராமர் இங்கிலீஷில் பேசினால் ஒரிஜினல், தமிழில் பேசினால் டப்பிங். இது எங்கே போய்ச் சொல்வது!

நம் சினிமாவைப் பாருங்கள். 2018-இல் வந்த '96' படத்தில் ஜானுவைப் பார்த்து உருகாதவர்கள் உண்டா? அதில் நடித்தது திரிஷா, பேசியது சின்மயி. அங்கே யாராவது "டப்பிங், கணக்கில் வராது" என்றோமா? மனுஷிக்கு இன்னொருவர் குரல் கொடுத்தால் கண்ணீர் விடுகிறோம். சிங்கத்துக்குக் குரல் கொடுத்தால் மட்டும் சட்டம் பேசுகிறோம். சிங்கத்துக்கு என்ன, தாய்மொழி இங்கிலீஷா?

நம் ஒர்க்‌ஷாப்பையே நினைத்துப் பாருங்கள். லேத் எப்படி ஓடுகிறது என்று சார் தமிழில் விளக்கிய பிறகுதான் நம்மில் பாதிப் பேருக்குப் புரிந்தது. அதற்காக அது 'டப்பிங் லேத்' ஆகிவிடுமா? அதில் கடைந்த வேலை, வேலை இல்லையா?

மறுபக்கமும் உண்டு

என் கட்சியையே பேசிக்கொண்டிருந்தால் நியாயமில்லை. மோசமான டப்பிங் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. சோகமான காட்சியில் சம்பந்தமில்லாமல் சினிமா பஞ்ச் டயலாக் வைப்பது, ஊர் பெயர் சொல்லிக் கிண்டல் அடிப்பது, எல்லாக் குழந்தைக்கும் ஒரே கீச்சுக் குரல் கொடுப்பது... இதையெல்லாம் கேட்டு நானே டிவியை நிறுத்தியிருக்கிறேன். நல்ல படத்தைக் கெட்ட டப்பிங் கொன்றுவிடும். அதைக் கண்டிக்க வேண்டும். ஆனால் கெட்ட டப்பிங்கைக் கண்டிப்பது வேறு, தமிழில் பார்த்தவனை இளக்காரமாகப் பார்ப்பது வேறு.

நண்பன் சொன்னானே என்று நானும் ஒரு படத்தை அவன் வழியிலேயே பார்த்தேன். ஹயாவோ மியாசாகி இயக்கிய 'ஸ்பிரிட்டட் அவே'. 2001-இல் வெளிவந்து, 2003-இல் ஆஸ்கர் வாங்கிய படம். ஜப்பான் பேச்சு, இங்கிலீஷ் எழுத்து. உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இங்கிலீஷ் வேகமாகப் படிக்க வராது. ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, முடிக்க இரண்டு ராத்திரி ஆனது. முடிந்தபின் யோசித்தால், நான் படத்தைப் பார்க்கவில்லை, படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன்! எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். எனக்கே இந்தக் கதி என்றால் எங்கள் அம்மாவுக்கும் அப்பாயிக்கும்?

பிறகு எழுத்தை அணைத்துவிட்டு அதே படத்தை மறுபடி பார்த்தேன். தண்ணீர் மேல் ஓடும் அந்த ரயில் காட்சி வந்தது. யாரும் பேசுவதே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர், பொழுது சாய்கிறது, அந்தச் சின்னப் பெண் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். தொண்டை அடைத்துக்கொண்டது. ஊரை விட்டு முதன்முதலாகத் தனியாகப் பஸ் ஏறிய எல்லோருக்கும் அந்தக் காட்சி புரியும். அந்த நண்பனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அவன் சண்டை போடாவிட்டால் இந்தப் படத்தை நான் பார்த்தே இருக்கமாட்டேன்.

அப்படியானால் பட்டியலே வேண்டாமா?

வேண்டும்! பட்டியல் இல்லாவிட்டால் பஸ் பயணம் எப்படிப் போகும்? ஆனால் எண் மட்டும் போட்டால் போதாது, காரணமும் சொல்ல வேண்டும். ஓர் உதாரணம். 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ ஒரே நாளில், ஒரே டிக்கெட்டில் இரண்டு படங்களை வெளியிட்டது. ஒன்று மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ'. குழந்தைகள் சிரிக்கிற படம். இன்னொன்று இசாவோ டகாஹட்டாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்'. போரில் தாயை இழந்து பசியில் வாடும் அண்ணன் தங்கை கதை. எதற்கு முதலிடம், எதற்கு இரண்டாமிடம்? வயிற்றுக்குச் சோறு முக்கியமா, தண்ணீர் முக்கியமா என்று கேட்பது போலத்தான்.

ஆகவே என் பட்டியலுக்கு நான் மூன்றே விதிகள் வைத்திருக்கிறேன். ஒன்று, ஒரு வாரம் கழித்தும் கண்ணை மூடினால் ஏதாவது ஒரு காட்சி தெரிய வேண்டும். இரண்டு, வரைந்தவர்களின் உழைப்பு தெரிய வேண்டும். ஒரு நொடிக்கு 24 பிரேம் என்றால் ஒன்றரை மணி நேரப் படத்துக்கு 1,29,600 பிரேம். ஒரே ஒரு ஐசோமெட்ரிக் வியூ வரைய இரண்டு பீரியட் திணறுகிற நமக்குத்தான் அதன் அருமை தெரியும். மூன்று, வீட்டில் இருக்கிறவர்களோடு அதைப் பற்றிப் பேச முடிய வேண்டும். எந்த மொழியில் பார்த்தாய் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இதன்படி முதலிடம் 'லயன் கிங்', இரண்டாமிடம் 'ஸ்பிரிட்டட் அவே', மூன்றாமிடம் 'ராமாயணா'. "லயன் கிங் அனிமேஷனே இல்லடா, நிஜ சிங்கம் மாதிரில்ல இருக்கு" என்பவர்களுக்கு ஒரு தகவல். அந்தப் படத்தில் கேமராவால் எடுத்த நிஜக் காட்சி ஒன்றே ஒன்றுதான், தொடக்கத்தில் வரும் சூரிய உதயம். மீதி எல்லாம் கம்ப்யூட்டர் வேலை. சண்டைக்கு நான் தயார்!

ஒரு வேண்டுகோள்

2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது 'ஃப்ளோ'. லாத்வியா என்ற சின்ன நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் இயக்கியது. வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பூனையின் கதை. படம் முழுக்க ஒரு வார்த்தை வசனம் கிடையாது! பெரிய கம்பெனிகளின் படங்களை முந்தி அது ஜெயித்தது. அதை உருவாக்கிய 'பிளெண்டர்' மென்பொருள் இலவசம். நம் கம்ப்யூட்டர் லேபிலும் யார் வேண்டுமானாலும் ஏற்றிப் பழகலாம்.

தமிழில் நம் சொந்த அனிமேஷன் படங்களை எண்ண இரண்டு கை விரல்களே அதிகம். 2007-இல் 'இனிமே நாங்கதான்', 2014-இல் 'கோச்சடையான்' என்று சொல்ல ஆரம்பித்தாலே மூச்சு வாங்குகிறது. அடுத்தவன் படத்துக்கு மார்க் போடுகிற நம்மில் ஒருவராவது நாளை படம் வரைய உட்கார வேண்டாமா?

மாணவர் மன்றத்துக்கு என் யோசனை இதுதான். அடுத்த ஆண்டு மன்ற விழாவில் ஒருநாள் மாலை இரண்டு படம் போடுவோம். ஒன்று வசனமே இல்லாத படம், மற்றொன்று நல்ல தமிழ் பேசுகிற படம். நம் அம்மா அப்பாவை, மெஸ் அக்காக்களை, வாட்ச்மேன் தாத்தாவை எல்லாம் முன்வரிசையில் உட்கார வைப்போம். படம் முடிந்ததும் எல்லோர் கையிலும் ஒரு சீட்டு கொடுப்போம். எழுதத் தெரியாதவர்கள் படத்துக்கு நேரே ஒரு புள்ளி வைத்தால் போதும்.

அந்தப் பட்டியல் எப்படி வந்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன். அப்பாயியைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியது என் பொறுப்பு.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்,
பாடாலூர்