கடைசி மாற்றலும் கடிதங்களின் வழியும்

உத்தியோக நிமித்தம் தமிழகம் நீங்கி, மூன்றாண்டுக்கு ஓரூர், ஐந்தாண்டுக்கு ஓரூர் என மாற்றலாகி வாழும் குடும்பங்கள் நம்மிடையே பல. ரயில்வே, ராணுவம், மத்திய சர்க்கார் காரியாலயங்கள், பாங்கிகள் ஆகியவற்றில் ஊழியம் புரிவோர் இல்லங்களில், கட்டிய பெட்டிகள் அனைத்தும் அவிழ்வதற்கு முன்னரே அடுத்த உத்தரவு வந்துவிடுவதும் உண்டு. ஆகவே ஜாகை மாற்றுவது நமக்குப் பழகிய காரியம். பாத்திரங்களைக் கட்டுதல், பிள்ளைகளுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் பெறுதல், காஸ் இணைப்பை மாற்றுதல் யாவும் நம் சகோதரிகளுக்கு மனப்பாடம். ஆயினும் ஊழியம் முடிந்து, சொந்த ஊரிலோ மக்கள் வாழும் ஊரிலோ நிலையாகக் குடியமரும் அந்தக் கடைசி மாற்றலின்போது மட்டும் பல குடும்பங்களின் தபால் வழி தவறிப்போகிறது. அதன் காரணத்தையும் அதற்குச் செய்யத்தக்கதையும் இம்மாதம் ஆராய்வோம்.

காரணம் எளியது. மாற்றல் வாழ்க்கையில் வீட்டு விலாசம் நிலையற்றதாயினும், காரியாலய விலாசம் என ஒன்று நமக்கு உண்டு. ஊர் மாறினாலும் பழைய காரியாலயத்தார் நமக்கு வரும் கடிதத்தைப் புதிய காரியாலயத்துக்கு அனுப்பிவைப்பர். ராணுவ அன்பர்களுக்கு 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்னும் விலாசங்களே போதும். படைப்பிரிவு எங்கிருப்பினும் கடிதம் தேடிச் சென்றடையும். நாம் அறியாமலே ஒரு பெரிய ஸ்தாபனம் நம் தபாலைச் சுமந்துகொண்டு நம்மோடு ஊர் ஊராக வந்தது. ஓய்வு பெறும் நாளில் சர்க்கார் குடியிருப்பும் காரியாலயமும் ஒருங்கே கைவிட்டுப் போகின்றன. முன்னைய மாற்றல்களில் தாமாக நடந்த காரியத்தை இம்முறை நாமே செய்தாக வேண்டும்.

இதற்குத் தபால் இலாகா தரும் முதல் உதவி, கடிதங்களைப் புதிய விலாசத்துக்குத் திருப்பி அனுப்பும் ஏற்பாடாகும். அதற்கான விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்பதில் பலர் மயங்குகின்றனர். புதிய ஊரின் தபால் நிலையத்தில் அன்று. பழைய வீட்டுக்குக் கடிதம் பட்டுவாடா செய்யும் தபால் நிலையத்தில்தான் அதனை எழுத்து மூலம் கொடுத்தல் வேண்டும். அந்நிலையம் எதுவென்பதைப் பின்கோடு எண் காட்டும். 1972 ஆகஸ்டு 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அந்த ஆறிலக்க எண்ணில் முதலிலக்கம் நாட்டின் மண்டலத்தையும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா நிலையத்தையும் குறிப்பன. டில்லி எண்கள் 1 என்றும், மகாராஷ்டிர எண்கள் 4 என்றும், மேற்கு வங்க எண்கள் 7 என்றும், தமிழக, கேரள எண்கள் 6 என்றும் தொடங்கும். ஒரே பெயருடைய ஊர்கள் பல இருப்பதாலும், விலாசங்கள் பல மொழிகளில் எழுதப்படுவதாலும் நேர்ந்த குழப்பத்தைத் தீர்க்க ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் என்னும் அதிகாரி வகுத்த முறை இது. ஆதலின் விண்ணப்பத்தில் புதிய ஊரின் பெயரைவிடப் பின்கோடு பிழையின்றி இருப்பதே முக்கியம்.

விண்ணப்பம் எழுதுகையில் தமிழர்களாகிய நாம் தனியே கவனிக்கவேண்டியது நம் பெயர்களை. ஊரில் எஸ். ராமநாதன் என வழங்கும் ஒருவரே பாங்கிப் புத்தகத்தில் ராமநாதன் சுப்பிரமணியன் ஆகிறார். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் சுப்பிரமணியன் ராமநாதன் ஆகிறார். வேறோரிடத்தில் தந்தையின் பெயர் மட்டும் அச்சாகி, மிஸ்டர் சுப்பிரமணியன் என்றே கடிதம் வருகிறது. வடநாட்டில் பழகிய தபால்காரர் இத்தனை பெயர்களும் ஒரே வீட்டுக்குரியவை என்பதை அறிவார். நாம் சென்றபின் அவரும் மாற்றலாகிப் போகலாம். எனவே எந்தெந்த உருவில் கடிதம் வருகிறதோ அத்தனை பெயர்களையும் விண்ணப்பத்தில் வரிசையாக எழுதுவது நலம். மனைவி, பெற்றோர், வயது வந்த மக்கள் ஆகியோர் தத்தம் பெயரால் தனித்தனியே கையொப்பமிடுவதும் அவசியம். கணவர் கையெழுத்தை மட்டும் நம்பி மனைவியின் கடிதமும் வந்துசேரும் என எதிர்பார்த்தல் ஆகாது. புதிய விலாசத்தை ஆங்கிலத்திலும், அவ்வூர்த் தபால்காரர் படிக்கும் மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம். சென்னையில் குடியமர்வோர் பழைய கதவெண், புதிய கதவெண் இரண்டையும் குறிப்பிட மறவாதிருத்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் கவலை தீர்ந்ததென்று இருந்துவிடலாமா? இருக்கலாகாது என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது. திருப்பி அனுப்பும் ஏற்பாடு ஊன்றுகோலேயன்றிக் கால் அன்று. அது ஒரு காலவரம்புக்கு உட்பட்டது. எத்தனை மாதம் செல்லும் என்பதை விண்ணப்பம் கொடுக்கும்போதே கேட்டு, நாட்காட்டியில் குறித்து வைத்தல் வேண்டும். மேலும் அது தபால் இலாகாவின் கடிதங்களுக்கு மட்டுமே. இந்நாளில் பாங்கி அட்டைகளும் காசோலைப் புத்தகங்களும் பெரும்பாலும் கூரியர் மூலமாகவும் வருகின்றன. கூரியர் ஊழியர் நம் விண்ணப்பத்தை அறியார். பூட்டிய கதவைக் கண்டு, வந்த வழியே கொண்டுபோய்விடுவார். பாஸ்போர்ட் விரைவுத் தபாலில் வந்தாலும், விண்ணப்பத்தில் கண்ட விலாசத்தில் உரியவரிடமே கொடுக்கப்படும். ஆள் இல்லையெனில் பாஸ்போர்ட் காரியாலயத்துக்கே திரும்பும். ஆகையால் குடிபெயரும் மாதங்களில் பாஸ்போர்ட் புதுப்பிக்கத் தொடங்காமல், முன்னரே முடித்துக்கொள்வதோ புதிய ஊரில் அமர்ந்தபின் தொடங்குவதோ உசிதம்.

வழி தவறிய கடிதத்தால் விளையும் நஷ்டம் சிறிதன்று. 1897ஆம் ஆண்டின் பொது விதிகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சரியான விலாசமிட்டுக் கட்டணம் செலுத்தி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பப்பட்ட நோட்டீஸ், மாறாக நிரூபிக்கப்படாத வரையில், உரியவருக்குச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது. ரிஜிஸ்டர் தபால் 2025ஆம் ஆண்டில் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டபின்னும் நோட்டீஸ்கள் வருவது நிற்கவில்லை. ஊரிலுள்ள பாகப்பிரிவினை வழக்கோ, வீட்டுக் கடன் தவணையோ, நாம் அறியாமலே நமக்கு எதிராக முற்றிவிடலாம். கடிதம் என் கைக்கு வரவில்லை என்று மெய்ப்பிக்கும் பாரம் அப்போது நம் தலைமேல் விழுகிறது.

பங்குகள் வைத்திருப்போர் கதை இன்னும் மௌனமானது. கம்பெனி அனுப்பும் லாபப் பங்குப் பத்திரம் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்புகிறது, எவரும் கேட்பதில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி, லாபப் பங்கு தொடர்ந்து ஏழாண்டு பெறப்படாது கிடந்தால் அத்தொகை மட்டுமன்று, பங்குகளுமே முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு மாற்றப்படும். பாங்கி வைப்புத் தொகைகளும் பத்தாண்டு தீண்டப்படாதிருந்தால், 2014இல் ரிசர்வ் பாங்கி ஏற்படுத்திய நிதிக்குச் செல்கின்றன. இவ்விரண்டும் நிரந்தர இழப்பு அல்ல, விண்ணப்பித்து மீட்கலாம். பல பாங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளை ஒரே இடத்தில் தேட, 2023இல் ரிசர்வ் பாங்கி ‘உத்கம்’ என்னும் இணைய வசதியைத் தொடங்கியுள்ளது. ஆனால் முதுமையில் அந்த அலைச்சல் யாருக்கு வேண்டும்? டீமாட் கணக்கில் ஒருமுறை விலாசம் மாற்றினால் அதிலுள்ள எல்லாக் கம்பெனிகளுக்கும் அது பொருந்தும். காகிதப் பங்குகளாக வைத்திருப்போர் ஒவ்வொரு கம்பெனியின் பதிவாளருக்கும் தனித்தனியே எழுதுதல் வேண்டும்.

ஆதலின் செய்யத்தக்கது யாது? ஓய்வு பெறுவதற்கு ஓராண்டுக்கு முன்பே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். அன்று முதல் வீட்டுக்கும் காரியாலயத்துக்கும் வரும் ஒவ்வொரு கடிதத்தையும், அனுப்பியவர் பெயர், கணக்கு எண், நம் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருந்தது என்ற மூன்று விவரங்களுடன் அதில் குறியுங்கள். ஓராண்டு என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. ஆயுள் இன்ஷூரன்ஸ் அறிவிப்பு, ஊரிலுள்ள வீட்டின் வரிச் சீட்டு, வண்டி இன்ஷூரன்ஸ், கம்பெனிக் கடிதங்கள் முதலியன ஆண்டுக்கு ஒருமுறையே தலைகாட்டுவன. கடைசி மாதத்தில் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதும் பட்டியலில் இவை தப்பிவிடும்.

பின்னர் மாற்றும் வரிசை. ஆதார் விலாசத்தை முதலில் மாற்றினால் ஏனைய பல இடங்களில் அதுவே சான்றாகும். மகன் அல்லது மகள் வீட்டில் குடியமரும் பெற்றோருக்குத் தம் பெயரில் வீட்டுச் சான்று இராது. உறவுமுறைக்குச் சான்று காட்டி, குடும்பத் தலைவராக அம்மகனோ மகளோ இசைவளித்தால் விலாசம் மாற்றிக்கொள்ளும் வசதி 2023 முதல் உண்டு. அடுத்து பாங்கி, பென்ஷன், வருமான வரி, இன்ஷூரன்ஸ். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. ஒரே காலத்தில் ஈரிடத்தில் பெயர் இருத்தல் சட்டப்படி கூடாது. வேறு மாநிலப் பதிவெண் கொண்ட வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் புதிய மாநிலத்தில் வைத்திருப்பதாயின் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பென்ஷன் பெறுவோர் நவம்பர் மாதத்தில் கொடுக்கும் உயிர்வாழ்வுச் சான்றுக்காகப் பழைய ஊருக்கு ஓட வேண்டியதில்லை. 2014இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் முறையால் இருந்த இடத்திலிருந்தே கொடுக்கலாம்.

இக்காலத்தில் விலாசம் என்பது கதவெண் மட்டுமன்று. கைத்தொலைபேசி எண்ணும் ஒரு விலாசமே. பாங்கியின் ரகசிய எண் அதற்குத்தானே வருகிறது! ரயில்வே போன்ற இலாகாக்களில் காரியாலயம் அளித்த எண்ணையே பாங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்து வைத்திருப்போர் உளர். ஓய்வு நாளில் அவ்வெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், பிற மாற்றங்களைச் செய்யும் வழியே அடைபடும். சொந்த எண்ணொன்றை முன்னதாகவே எங்கும் பதிவு செய்துகொண்டு, பிறகே காரியாலய எண்ணை ஒப்படையுங்கள். சொந்த எண்ணை ஊர் மாறினாலும் விடவேண்டியதில்லை. 2015 ஜூலை முதல் நாட்டின் எம்மாநிலத்துக்கும் அதே எண்ணுடன் செல்லலாம்.

இனி, எந்தச் சர்க்காரும் கம்பெனியும் அனுப்பாத கடிதங்கள். குலதெய்வக் கோயிலிலிருந்து விபூதி குங்குமத்துடன் வரும் உறை, எப்போதோ ஒருமுறை எழுதும் அத்தையின் நடுங்கிய கையெழுத்து, தூரத்து உறவினரின் கலியாணப் பத்திரிகை. பத்திரிகை வரவில்லையே என்று நாம் வருந்த, அனுப்பியும் வரவில்லையே என்று அவர்கள் வருந்த, ஒரு தலைமுறை உறவு அறுந்துபோவதைக் காண்கிறோம். இவற்றுக்குப் படிவம் இல்லை. பொங்கல் வாழ்த்துடன் புதிய விலாசத்தை எல்லோருக்கும் நம் கையால் எழுதுவதே வழி. பழைய வீட்டுக்குக் குடிவருபவரிடம், நம் விலாசமெழுதித் தபால்தலை ஒட்டிய பத்து உறைகளைக் கொடுத்து வைத்தால், அவர் பஞ்சாபியாயினும் வங்காளியாயினும் மகிழ்ந்து அனுப்புவார். பல ஆண்டு நம் படியேறிய தபால்காரரிடம் நேரில் விடைபெற்று, போகும் ஊரைச் சொல்லிவருவதும் மறக்கத்தக்கதன்று.

மற்றொன்றையும் சகோதரிகளுக்குக் கூறுதல் வேண்டும். மேற்கூறிய நோட்டுப் புத்தகம் கணவர் மேஜைக்குள் பூட்டிக் கிடத்தல் ஆகாது. எந்தக் கணக்கு எந்த விலாசத்தில் இருக்கிறது என்பதைத் தம்பதியர் இருவரும் அறிந்திருத்தல் வேண்டும். அவருக்கு ஏதேனும் நேர்ந்தபின், அறியாத ஊரில், பழைய விலாசத்துக்குச் சென்று திரும்பும் கடிதங்களைத் தேடி அலையும் துயரம் நம் குடும்பத்துப் பெண்கள் எவருக்கும் வரலாகாது. மாதம் ஒருநாள் இருவரும் சேர்ந்து அமர்ந்து, மாற்றியவற்றுக்கு எதிரே ஒரு கோடு இழுத்து வந்தால், ஓராண்டில் பக்கங்கள் தீர்ந்துவிடும். பழைய ஊரின் ஏற்பாடுகளை அதன் பின்னரே முற்றிலும் கைவிடலாம்.

நம் பத்திரிகையின் பிரதிகளும் ‘விலாசதாரர் போய்விட்டார்’ என்ற குறிப்புடன் நம்மிடமே திரும்பி வருவதுண்டு. ஊர் மாறும் அன்பர்கள் தம் சந்தா எண்ணையும் புதிய விலாசத்தையும் ஒரு தபால் கார்டில் எழுதி, புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாக நமக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.