புன்னகைக்கும் ஆட்சியும் அஞ்சவைக்கும் சட்டமும்

மக்கள் தன்னை நேசிக்கும்படி ஒரு தலைவர் ஆளவேண்டுமா அல்லது தனக்கு அஞ்சும்படி ஆளவேண்டுமா என்பது பழைய கேள்வி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலியின் மக்கியவெல்லி தனது ‘இளவரசன்’ நூலில் இதனை எழுப்பினார். இரண்டும் ஒருங்கே வாய்க்காவிட்டால் அச்சமே ஆட்சியாளருக்குப் பாதுகாப்பானது என்பது அவர் கண்ட விடை. அந்த விடை உலகெங்கும் நினைவில் நிற்கிறது. அதனோடு அவர் சேர்த்துச் சொன்ன எச்சரிக்கையைத்தான் ஆட்சியாளர்கள் மறந்துவிடுகிறார்கள். மக்களை அஞ்சவைக்கலாம், ஆனால் வெறுக்கவைக்கக் கூடாது. அதற்கு அவர்களின் சொத்தில் கைவைக்காதிருக்க வேண்டும் என்பதே அந்த எச்சரிக்கை.

2009 மே மாதத்துக்குப் பின்னரான இலங்கையில் இந்த இரண்டு வழிகளும் தமிழ் மக்கள் மீது பரீட்சித்துப் பார்க்கப்பட்டுவிட்டன. இரண்டின் விளைவுகளையும் அனுபவித்தவர்கள் என்ற வகையில் இக்கேள்விக்கு விடை சொல்லும் தகுதி எமது மக்களுக்கு உண்டு.

முதலில் வந்தது அச்சத்தின் ஆட்சி. போர் முடிந்த பின்னரும் வடக்கிலும் கிழக்கிலும் இராணுவ முகாம்கள் அப்படியே இருந்தன. இறந்தவர்களுக்கு விளக்கேற்றுவதற்கே புலனாய்வாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது. வெளியே மௌனம் நிலவியது. ஆனால் 2010 இலும் 2015 இலும் நடந்த ஜனாதிபதித் தேர்தல்களில் தமிழ் மக்கள் அந்த ஆட்சிக்கு எதிராகத் தெளிவாக வாக்களித்தார்கள். அச்சம் வாயை மூடவைத்தது, மனதை மாற்றவில்லை.

இதே பாடம் கோட்டாபய ராஜபக்ஷ காலத்தில் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ். பல்கலைக்கழக வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடித்தழிக்கப்பட்டது. மாணவர்களும் மக்களும் திரண்டதை அடுத்து, சில நாட்களிலேயே அதே இடத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த மாதமே, நீதிமன்றத் தடையுத்தரவுகளையும் மீறி, பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தனர்.

தெற்கில் அந்த ஆட்சிக்கு வேறொரு முகம் இருந்தது. அங்கே அது பாதுகாப்பின் பெயரால் நேசிக்கப்பட்டது. 2019 இல் 69 இலட்சம் வாக்குகள் அதற்குக் கிடைத்தன. ஆனால் எரிவாயுவும் எரிபொருளும் உரமும் இல்லாமற்போனதும் அந்த நேசம் கரைந்தது. 2022 ஜூலை 9 ஆம் திகதி ஜனாதிபதி மாளிகை மக்கள் கைக்குப் போனது. சில நாட்களில் ஜனாதிபதி நாட்டைவிட்டே வெளியேறி, சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். ஒரு மக்கள் கூட்டத்தை அஞ்சவைப்பதைக் காட்டி இன்னொரு மக்கள் கூட்டத்தின் நேசத்தைப் பெறும் அரசியலுக்கு ஆயுள் குறைவு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

அப்படியானால் அன்பின் ஆட்சி சரியானதா? அதையும் நாம் பார்த்துவிட்டோம். 2015 இல் மைத்திரிபால சிறிசேனவைப் பதவிக்குக் கொண்டுவந்ததில் தமிழ் மக்களின் வாக்குகளுக்குப் பெரும் பங்கிருந்தது. நல்லாட்சி என்று அழைக்கப்பட்ட அந்த அரசாங்கம் நல்லெண்ணச் சைகைகள் பலவற்றைக் காட்டியது. 2016 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திர தின நிகழ்வில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது கண்கலங்கியவர்கள் எம்மிடையே உண்டு. ஆனால் 2018 ஒக்டோபரில் அதே ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவைப் பிரதமராக நியமித்தார். 2020 இல் சுதந்திர தினத்தின் தேசிய நிகழ்விலிருந்து தமிழ்க் கீதம் காணாமற் போனது. பாடலாம் என்றதும் ஒரு தலைவரின் மனநிலைதான், வேண்டாம் என்றதும் இன்னொரு தலைவரின் மனநிலைதான். அன்பினால் தரப்பட்டதை எடுத்துக்கொள்வதற்கு ஆட்சி மாறினாலே போதும்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் தமிழ் மக்கள் மீண்டும் ஒருமுறை கைநீட்டினார்கள். தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைப் பெற்று முதலிடத்துக்கு வந்தது. தமிழ்க் கட்சிகளின் பிளவு மீதான சலிப்பும் ஊழலற்ற ஆட்சி மீதான எதிர்பார்ப்பும் அதற்குக் காரணங்கள். ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் பேச்சில் மிரட்டல் இல்லை. அவர் யாழ்ப்பாணம் வருகிறார், மக்களோடு சிரித்துப் பேசுகிறார். மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. இவற்றைச் சிறுமைப்படுத்தத் தேவையில்லை. துப்பாக்கியோடு வருபவரைவிடப் புன்னகையோடு வருபவர் மேல்தான்.

ஆனால் 2025 மார்ச் 28 ஆம் திகதி வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கும் அதிகமான காணிகள் தொடர்பில் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. மூன்று மாதங்களுக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் காணி அரசுடைமையாகலாம் என்பதே அதன் பொருள். இடம்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்தவர்கள், உரிமையாளர் இறந்துபோன குடும்பங்கள், புலம்பெயர்ந்து வாழ்வோர் ஆகியோருக்கு மூன்று மாதம் எம்மாத்திரம்? ஆறு வாரங்களுக்குள் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னிலைக்கு வந்தது. அதற்குக் காணிப் பிரச்சினை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் மக்கியவெல்லியின் எச்சரிக்கை இங்கே நினைவுக்கு வராமற் போகாது. எதிர்ப்புகளும் நீதிமன்றத் தலையீடும் வந்த பின்னரே அரசாங்கம் பின்வாங்கியது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கதையும் இதுதான். 1979 இல் தற்காலிகச் சட்டமாக வந்து, 1982 இல் நிரந்தரமான சட்டம் அது. அதனை நீக்குவோம் என்று தேசிய மக்கள் சக்தி தேர்தல் விஞ்ஞாபனத்தில் வாக்குறுதியளித்தது. பதவிக்கு வந்து ஓராண்டு கடந்த பின்னரும் சட்டம் இருந்தது. இருந்தது மட்டுமல்ல, 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டினார் என்பதற்காக ஒரு முஸ்லிம் இளைஞரைத் தடுத்துவைக்கவும் அது பயன்பட்டது. தலைவர் புன்னகைக்கிறார், ஆனால் அவரது மேசை லாச்சிக்குள் பழைய ஆயுதம் கிடக்கிறது. அவர் அதை எடுக்கமாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குப் பின் அந்த மேசைக்கு வருபவர் யார்?

இந்தக் கேள்வியைக் கொழும்பிடம் கேட்கும் நாம் எமது பக்கத்தையும் பார்க்கவேண்டும். தமிழ் அரசியலும் அச்சத்தின் நிழலில் வளர்ந்த ஒன்றுதான். 1989 இல் அமிர்தலிங்கமும் 1999 இல் நீலன் திருச்செல்வமும் தமிழர் கைகளாலேயே கொல்லப்பட்டார்கள். இன்று துப்பாக்கி இல்லை, ஆனால் மாற்றுக் கருத்துச் சொல்பவரைத் துரோகி என்று முத்திரை குத்தும் பழக்கம் போகவில்லை. மறுபுறம், தலைவரை வழிபடும் அளவுக்கு நேசித்துவிட்டு அவரிடம் கணக்குக் கேட்க மறந்துவிடுவதும் எமது பலவீனம். அச்சம் கேள்வி கேட்கவிடாது. அளவுகடந்த அன்பு கேள்வி கேட்கத் தோன்றவிடாது.

திருக்குறளில் அரசியலைப் பேசும் அதிகாரங்களின் வரிசை இங்கு கவனிக்கத்தக்கது. செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை, கண்ணோட்டம் என்று அவை அடுத்தடுத்து வருகின்றன. குடிகள் அஞ்சும்படி ஆளாதே என்பதும், இரக்கத்தோடு நட என்பதும் வள்ளுவருக்கு முக்கியந்தான். ஆனால் இரண்டுக்கும் முன்னே அவர் வைத்தது கோணாத நீதியை. நீதி நிமிர்ந்து நின்றால்தான் இரக்கத்துக்குப் பொருள் உண்டு. நீதியில்லாத இடத்தில் காட்டப்படும் இரக்கம் வெறும் சலுகை.

இதனை எமக்குக் கற்றுத்தர நூல்கள் தேவையில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி முதல் தெருவோரத்தில் போராடிவருகிறார்கள். விடை காணாமலேயே இறந்துபோனவர்கள் பலர். அரசாங்கம் இழப்பீடு தர முன்வந்தபோது அவர்களில் பலர் அதனை ஏற்க மறுத்தார்கள். பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள் என்பதே அவர்களின் கேள்வி. செம்மணியில் 200 க்கும் அதிகமான மனித எலும்புக்கூடுகள் வெளிவந்த பின்னர் அந்தக் கேள்வியின் கனம் இன்னும் கூடியிருக்கிறது. அவர்கள் எந்த ஆட்சியாளரிடமும் அன்பை யாசிக்கவில்லை. உண்மையைச் சொல்லும் கடமை அரசுக்கு இருக்கிறது என்கிறார்கள்.

ஆகவே இனிமேல் யாழ்ப்பாணம் வரும் தலைவர்களை எமது மக்கள் அளக்கவேண்டிய கோல் அவர்களது சிரிப்போ கடுகடுப்போ அல்ல. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் இடத்துக்கு அதே பற்களோடு இன்னொரு சட்டம் வருகிறதா? காணி உரிமையாளரிடம் திரும்புகிறதா? செம்மணி விசாரணை குற்றவாளிகள் வரை செல்லுமா? 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த வடக்கு மாகாண சபைக்கு எப்போது தேர்தல்? இவை பதவியில் இருப்பவரின் மனநிலையில் தங்காத விடயங்கள். இவை நடந்தால், அடுத்த ஜனாதிபதி எம்மை நேசிக்கிறாரா வெறுக்கிறாரா என்று ஒவ்வொரு தேர்தல் இரவிலும் பதைபதைத்துக் காத்திருக்கவேண்டிய நிலை எமது பிள்ளைகளுக்கு இராது.