வேலி வெட்டும் மெஷினும் இரண்டு விரல்களும்



போன வாரம் வீட்டுத் தோட்டத்துப் படம் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டீர்கள்: "டீச்சர், ஊர்ல அம்மா அப்பாவுக்கு ஹெட்ஜ் டிரிம்மர் வாங்கி அனுப்பலாம்னு இருக்கேன். எது நல்லது?" ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதக் கண் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் எப்போதும்வென்றான் பக்கத்து வீடுகளில் முக்கால்வாசிக்கு அந்த மெஷின் தேவையில்லை. தேவைப்படும் வீட்டிலும், அதைப் பிடிக்கப் போகிறவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது.

போன தீபாவளிக்கு என் மகன் ஒரு மெஷின் வாங்கி அனுப்பினான். கரண்டில் ஓடுவது. கத்தரி பிடித்துக் கை வலிக்கிறது என்று அம்மா சொன்னதைக் கேட்டு, பாவம், ஆசையாக அனுப்பினான். எனக்கு அதைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை. மாதம் ஒருமுறை தோட்ட வேலைக்கு வரும் தம்பியிடம் கொடுத்தேன். அவனும் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவன்தான். பெயர் வேண்டாம்.

அந்த மெஷினில் முன் கைப்பிடியில் ஒரு சுவிட்ச், பின் கைப்பிடியில் ஒரு சுவிட்ச். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் பிளேடு ஓடும். ஒரு கையை எடுத்தாலும் நின்றுவிடும். உயரத்தில் வெட்டும்போது இது தொந்தரவாக இருக்கிறது என்று, அவன் முன் சுவிட்சை அமுக்கி வைத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டான். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். "கெட்டிக்காரன்டா நீ" என்று சிரிக்கவும் செய்தேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். கொடுக்காப்புளிக் கிளை ஒன்று பல்லுக்குள் சிக்கி பிளேடு நின்றது. பிளக்கைப் பிடுங்காமல் இடது கையால் கிளையை இழுத்தான். வலது கை விரல் பின் சுவிட்சில் பட்டது. அவ்வளவுதான். இரண்டு விரலில் 7 தையல்.

விரல் போகவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அந்தக் கையை நம்பித்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஒன்றரை மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. வைத்தியச் செலவையும் கூலியையும் நான் கொடுத்தபோது, "என் தப்புதானே டீச்சர்" என்று வாங்க மறுத்தான். இல்லை. 35 வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள், பெட்டிக்குள் இருந்த கையேட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மெஷினை அவன் கையில் கொடுத்தேன். தப்பு என்னுடையது.

அதன் பிறகுதான் அந்தக் கையேட்டை வரி விடாமல் படித்தேன். விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டேன். படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

முதலில் வேலியைப் பாருங்கள், பிறகு மெஷினைப் பாருங்கள். மருதாணி, துரந்தா, இட்லிப்பூ, செம்பருத்தி போன்றவற்றின் இளம் கிளைகளுக்கு மெஷின் பொருத்தம். கொடுக்காப்புளியை அடிக்கடி வெட்டினால் பரவாயில்லை. ஆறு மாதம் விட்டுவிட்டால் கிளை விரல் தடிமன் ஆகிவிடும். வீட்டு மெஷின்களில் பல்லுக்குப் பல் இடைவெளி பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர்தான். அதற்குள் நுழைவதெல்லாம் சுலபமாக வெட்டுப்படும் என்றும் நினைக்காதீர்கள். தடித்த கிளையை முதலில் அரிவாளாலோ கைரம்பத்தாலோ எடுத்துவிட வேண்டும்.

சீமைக்கருவேலத்துக்கு இந்த மெஷின் ஆகவே ஆகாது. அதற்கு வேலிக்காத்தான் என்றே ஒரு பெயர் உண்டு. வேலிக்கென்று விட்டது கண்மாயையும் தரிசையும் பிடித்துக்கொண்ட கதை நமக்குத் தெரியும். அதை வேரோடு எடுக்க வேண்டும், தலை சீவக் கூடாது.

திருகுகள்ளி வேலி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதில் மெஷினை வைக்கவே வைக்காதீர்கள். பால் தெறிக்கும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், பார்வையையே பாதிக்கலாம். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு உடனே கண் டாக்டரிடம் போங்கள்.

வேலி 40 அடிக்குள் இருந்தால் நல்ல கைக்கத்தரி ஒன்று போதும். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத்தான் செடி தளதளவென்று வளரும். தையில் ஒருமுறை நன்றாக வெட்டி, இடையில் இரண்டு மூன்று முறை நுனி தட்டினால் வேலி அடங்கி நிற்கும். கோடையில் ஒட்ட வெட்டாதீர்கள். உள்ளே நிழலில் இருந்த இலை நம் வெயிலில் கருகிவிடும்.

அதற்கு மேல் நீள வேலி என்றால் பேட்டரி மெஷின் என்பது என் கட்சி. கரண்டு மெஷினில் வயரையே வெட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதுதான் இருக்கிறது என்றால், வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வெட்ட வேண்டும். வீட்டு லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்க வேண்டும். மின்சாரம் கசிந்தால் அது உடனே லைனைத் துண்டிக்கும். பெட்ரோல் மெஷின் கனம், சத்தம், ஆயில் கலக்கும் வேலை வேறு. அது நர்சரிக்காரர்களுக்கு உரியது.

கடையில் கேட்க வேண்டியவை இவை. இரண்டு கையாலும் அமுக்கும் சுவிட்ச் இருக்கிறதா? முன்பக்கம் கைக்காப்பு இருக்கிறதா? பிளேடும் பேட்டரியும் கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ கிடைக்குமா? முக்கியமாக, பயன்படுத்தப் போகிறவர் தோள் உயரத்தில் ஐந்து நிமிடம் தூக்கிப் பிடித்துப் பார்க்கட்டும். வீட்டுக்கு 45 முதல் 50 சென்டிமீட்டர் பிளேடு தாராளம்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு முறை வெட்டியதும் பிளக்கைப் பிடுங்கி, அல்லது பேட்டரியைக் கழற்றி, பிசினைத் துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுப்பாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிளையை அறுக்காமல் மென்று துப்பினால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். ஏற்கெனவே இருக்கும் சாய்வை மாற்றாமல் தட்டை அரத்தால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். பேட்டரியைத் தகரக் கொட்டகையில் போடாதீர்கள், நம் சித்திரை வெயிலில் வீணாகிவிடும். மாதக்கணக்கில் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள்.

வெட்டும்போது வேலியின் அடி அகலமாகவும் தலை ஒடுக்கமாகவும் இருக்கட்டும். அப்போதுதான் அடிவரை வெயில் படும், அடிப்பாகம் மொட்டையாகாது. தொடங்குமுன் கம்பால் தட்டிப் பாருங்கள், பாம்போ குருவிக் கூடோ இருக்கலாம். ஈரத்தில் வெட்ட வேண்டாம். மழை நேரத்தில் கரிசலில் ஏணியும் வேண்டாம், ஒரு கால் இறங்கினால் ஆளே சாய்ந்துவிடுவார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். சிக்கினால் முதலில் பிளக்கைப் பிடுங்கு. சுவிட்சில் டேப் சுற்றாதே. ஓடும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். நின்றிருக்கும்போதுதான் கையை விடுவார்கள்.

பிள்ளைகளே, வெளியூரிலிருந்து அன்போடு அனுப்புகிறீர்கள், சந்தோஷம். மெஷின் வந்து சேர்ந்த அன்று ஒரு பத்து நிமிடம் வீடியோ காலில் வந்து, அப்பாவுக்கு மட்டுமல்ல, வேலைக்கு வரும் அண்ணனுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அதற்கு நேரம் இல்லையென்றால் ஒரு நல்ல கத்தரி அனுப்புங்கள், போதும்.

அந்தத் தம்பி இப்போதும் வருகிறான். டேப்பை நானே பிரித்து எடுத்துவிட்டேன். கிளை சிக்கினால் பிளக்கைப் பிடுங்கி, "இந்தாங்க டீச்சர்" என்று என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பிளேடைத் தொடுகிறான். அவன் கேட்கும் வரை நான் அதைக் கீழே வைப்பதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்