முன்கூட்டிச் சொல்லுதல்: தீர்க்கதரிசனமா? கணக்கா?

இனி நடக்கப் போவதைக் குறிக்க இங்கிலீஷ் பாஷையில் இருக்கும் வார்த்தைகளைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், அந்தப் பாஷைக்காரர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போலவே வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றவர்கள்தாம் என்பது நன்றாய் விளங்கும். பெரும் விபத்துக்கு 'டிஸாஸ்டர்' என்கிறார்கள். அதன் மூலத்திலே இருப்பது கெட்ட நட்சத்திரம். நல்ல சகுனமானதற்கு 'ஆஸ்பிஷஸ்'. ரோமாபுரியில் பறவை பறப்பதைப் பார்த்துப் பலன் சொன்னதில் பிறந்தது, நம் பல்லி சாஸ்திரத்துக்குப் பெரியப்பன் முறை. விதிக்கு 'பேட்'; லத்தீனில் 'சொல்லப்பட்டது' என்று பொருள். யார் சொன்னார், யாரிடம் சொன்னார் என்று கேட்டால் மாத்திரம் கேட்பவன் நாஸ்திகனாகி விடுவான்!

இந்தக் கூட்டத்தில் ஒரு வார்த்தை வேறு மாதிரியானது. அதுதான் 'போர்காஸ்ட்'. பழைய வார்த்தையே ஆனாலும், அதைப் பிடித்து வானிலைக்கு வைத்தவர் ராபர்ட் பிட்ஸ்ராய். டார்வினை உலகம் சுற்ற அழைத்துச் சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவர் இவரே. 1854 முதல் பிரிட்டிஷ் சர்க்காரின் வானிலை இலாகாவை நடத்தி வந்தார். 1859 அக்டோபரில் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவின் கரையில் 'ராயல் சார்ட்டர்' என்னும் கப்பல் புயலில் சிக்கிப் பாறையில் மோதி உடைந்தது. 400 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆஸ்திரேலியாவில் தங்கம் தேடிச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் பலர். கரைக்கு அருகிலேயே செத்தார்கள். ஆண்டவன் சித்தம் என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டுப் போக எத்தனையோ பேர் இருந்தார்கள். பிட்ஸ்ராய் அப்படிப் போகவில்லை. கரையோர ஊர்களிலிருந்து காற்றின் அழுத்தத்தையும் திசையையும் தந்தி மூலம் லண்டனுக்கு வரவழைத்தார். புயல் ஓரிடத்தில் தலைகாட்டினால் தந்தி அதை முந்திக்கொண்டு ஓடுமல்லவா? இவ்வளவுதான் இரகசியம். 1861 பிப்ரவரியில் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தார். அவ்வருஷம் ஆகஸ்ட் 1-ந் தேதி 'டைம்ஸ்' பத்திரிகையில் பொது ஜனங்களுக்கும் மறுநாள் வானிலை வெளிவந்தது. இவை தீர்க்கதரிசனங்கள் அல்ல, கணக்கிட்டுக் கண்ட அபிப்பிராயங்களே, அதற்குத்தான் போர்காஸ்ட் என்று பெயர் என்று 1863-ல் புத்தகத்திலும் எழுதி வைத்தார்.

இவர் நம் கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். 1860-ல் ஆக்ஸ்போர்டில் பைபிளுக்காகப் பரிந்து டார்வினை எதிர்த்துப் பேசியவர். அப்படிப்பட்டவருக்கே காற்றின் விஷயத்தில் தீர்க்கதரிசி உதவவில்லை!

வார்த்தையில் என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் கேட்கலாம். தீர்க்கதரிசி சொன்னது பலித்தால் அவன் மகிமை; பலிக்காவிட்டால் பிறந்த நேரம் தப்பு, பரிகாரம் போதவில்லை, கேட்டவன் பாவி. போர்காஸ்ட்காரனோ இடமும் தேதியும் போட்டு எழுதிக் கொடுக்கிறான். மறுநாள் காற்று திசை மாறி அடித்தால் தெருவில் போகிறவன்கூட அவனைப் பார்த்துச் சிரிக்கலாம். முன்னவன் யாருக்கும் ஜவாப்தாரியல்ல. பின்னவன் ஊருக்கெல்லாம் ஜவாப்தாரி.

சிரிக்கவும் செய்தார்கள். தப்பிப் போன தீர்க்கதரிசியைப் போலவே பிட்ஸ்ராயைப் பரிகசித்தார்கள். 1865-ல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டார். மறு வருஷம் கால்டன் என்னும் விஞ்ஞானியின் தலைமையில் இருந்த குழு, இதற்கு ஆதாரம் போதாது என்று அறிக்கை கொடுக்க, போர்காஸ்ட்டும் நின்றது, புயல் எச்சரிக்கையும் நின்றது. ஆதாரம் போதாது என்றது ஒருவகையில் நியாயமே. ஆனால் கணக்கில் பிழை வந்தால் கணக்கைத் திருத்துவதா, பலகையை உடைப்பதா? எதிர்ப்பு எழுந்தபின் 1867-ல் எச்சரிக்கை திரும்பி வந்தது. பொது ஜனங்களுக்கான போர்காஸ்ட் வர 1879 ஆயிற்று. இத்தனை வருஷமும் 'சாட்கியேல்' என்ற சோதிடப் பஞ்சாங்கம் தவறாமல் அச்சாகி விற்றுக் கொண்டிருந்தது. அதன் பிழைகளை எண்ண எந்தக் குழுவும் போடப்படவில்லை.

இங்கிலீஷ் கோர்ட்டுகளிலும் இதே சண்டைதான். 'ஆக்ட் ஆப் காட்', அதாவது கடவுள் செயல் என்று ஒரு வார்த்தை அங்கே உண்டு. மனிதன் எதிர்பார்க்கவோ தடுக்கவோ முடியாத இயற்கை விபத்து என்று சொல்லிப் பிரதிவாதி தப்பும் வழி அது. அதற்கு எதிரில் நிற்பது 'போர்ஸீயபிள்', முன்கூட்டி அறியக்கூடியது. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் 1928-ல் ஒரு ஏழைப் பெண் குடித்த இஞ்சி பானத்துப் புட்டியில் அழுகிய நத்தை இருந்ததாக வழக்கு. பானம் செய்த முதலாளிக்கும் அவளுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஆயினும் தன் அஜாக்கிரதை யாரைப் பாதிக்கும் என்று நியாயமாய் முன்கூட்டி அறியக் கூடுமோ, அவர்களிடத்தில் அவனுக்குக் கடமை உண்டு என்று 1932-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஐவரில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அந்த ஒரு நீதிபதி மாறியிருந்தால், 'என் தலைவிதி' என்று அவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1930-ல் இளவரசி மார்கரெட் பிறந்தபோது லண்டன் 'சண்டே எக்ஸ்பிரஸ்' நெய்லர் என்பவரைக் கொண்டு குழந்தையின் ஜாதகத்தை வெளியிட்டது. அது நன்றாய் விலை போகவே, பத்திரிகைகளில் ராசிபலன் பெருகிற்று. இன்றைக்கு அந்தப் பத்திகள் தங்களை என்னவென்று அழைத்துக் கொள்கின்றன தெரியுமா? 'வீக்லி போர்காஸ்ட்'! பிட்ஸ்ராய் சோதிடனிடமிருந்து பிரித்து வைத்த வார்த்தையைச் சோதிடனே திருடி நெற்றியில் ஒட்டிக் கொண்டான். வார்த்தையை எடுத்துக் கொண்டவர்கள் அதன் கடமையையும் எடுத்துக் கொள்ளட்டும். சென்ற வருஷம் இதே வாரத்தில் பன்னிரண்டு ராசிக்கும் சொன்ன பலனை, இவ்வாரப் பலனுக்குப் பக்கத்திலேயே ஒரு எழுத்துக் குறையாமல் மறுபடியும் அச்சிட எந்தப் பத்திரிகையாவது முன்வருமா?