இறந்தவர்கள் ஊருக்குப் போகவில்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளை இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

விடுமுறைக்கு வந்த பேத்தி திரும்பிப் போகும்போது ஒரு நாவலை எனக்காக விட்டுவிட்டுப் போனாள். பெயர் ‘தி நைட் டைரி’. எழுதியவர் வீரா ஹிரானந்தனி, அமெரிக்காவில் வாழ்பவர். 2018-இல் வெளிவந்த இந்தப் புத்தகம் அடுத்த ஆண்டு நியூபெரி ஹானர் என்ற சிறார் இலக்கிய விருதைப் பெற்றது. எளிமையான ஆங்கிலம். எட்டாம் வகுப்புப் பிள்ளை தானாகவே படித்துவிடலாம். படித்து முடித்ததும் எனக்குப் பேசத் தோன்றியது என்னவோ பெரியவர்களிடம்தான்.

கதை 1947 ஜூலை 14 அன்று தொடங்குகிறது. சிந்து மாகாணத்தில் மீர்ப்பூர் காஸ் என்ற ஊர். நிஷாவும் அமிலும் இரட்டையர்கள். அன்று அவர்களுக்குப் பன்னிரண்டு வயது நிறைகிறது. இவர்களைப் பெற்றெடுத்தபோதே அம்மா இறந்துவிட்டார். அப்பா இந்து, டாக்டர். அம்மா முஸ்லிம். வீட்டில் சமையல் செய்யும் காஸி, பிறந்தநாள் பரிசாக நிஷாவுக்கு ஒரு நாட்குறிப்பு தருகிறார். நிஷா அதிகம் பேசாத பெண். அந்த நாட்குறிப்பில் அவள் தினமும் எழுதுவது, தான் கண்ணால் பார்க்காத அம்மாவுக்குக் கடிதம். புத்தகம் முழுக்க அந்தக் கடிதங்கள்தான்.

ஆகஸ்டில் நாடு பிரிகிறது. சிந்து முழுவதும் பாகிஸ்தானுக்குப் போகிறது. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பிய காலம் அது. நிஷா குடும்பமும் கிளம்புகிறது. அப்பா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். காஸி முஸ்லிம் என்பதால் பின்தங்கிவிடுகிறார். போக வேண்டிய ஊர் ஜோத்பூர். நேற்று வரை ஒரே நாட்டுக்குள் இருந்த இரண்டு ஊர்கள் இன்று இரண்டு நாடுகளில் இருக்கின்றன. பாலைவனத்தில் நடை, தண்ணீர்ப் பஞ்சம், வழியெல்லாம் பயம்.

இந்த நாவலில் என்னை உலுக்கியது வன்முறைக் காட்சிகள் இல்லை. அந்தப் பெண் நடக்கும் ஒவ்வொரு அடியும் அவள் அம்மா வாழ்ந்த மண்ணை விட்டு விலகிப் போகிற அடி. நம்மில் பலருக்குத் துக்கம் என்றால் வீட்டில் உட்கார்ந்து அழுவது. இவளுக்கு உட்காரவே இடமில்லை. அம்மா தூங்குகிற மண் வேறு நாடாகிவிட்டது. கையில் மிச்சம் இருப்பது நாட்குறிப்பு மட்டும்.

வழியில் அம்மாவின் சகோதரர் ரஷீத் வீட்டில் சில நாட்கள் தங்குகிறார்கள். அம்மா சிறுமியாக வளர்ந்த வீடு அது. மாமாவுக்குப் பிறவியிலேயே உதட்டுப் பிளவு. பேச முடியாது, எழுதித்தான் காட்டுவார். பேசத் தயங்கும் பெண்ணுக்கு, பேச முடியாத ஒருவர் மூலமாகத்தான் அம்மாவைப் பற்றி அறிய வாய்க்கிறது. பேசக்கூடிய அப்பாவோ பன்னிரண்டு வருடமாக வாய் திறக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய துக்கம் அவர் வாயைக் கட்டிவிட்டது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவள் மகள்.

இங்கேதான் நம் வீடுகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நம் வீட்டில் ஒருவர் இறந்தால் பிள்ளைகளிடம் என்ன சொல்கிறோம்? “தாத்தா ஊருக்குப் போயிருக்கார்.” “அம்மா சாமிகிட்ட போயிருக்காங்க.” சாவை ஒரு பயணமாக்கிவிடுகிறோம். கேட்கிற பெரியவருக்கு அது நாகரிகமான பேச்சு. பிள்ளைக்கு அப்படி இல்லை. ஊருக்குப் போனவர் திரும்பி வருவார் என்பதுதான் அதற்குத் தெரிந்த உண்மை. அதனால் காத்திருக்கிறது. வராதபோது, தன் மேல் கோபமா என்று யோசிக்கிறது. அடுத்த முறை அப்பா உண்மையாகவே வெளியூர் கிளம்பினால், சட்டையைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறது. நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் சிலர் வேறு மாதிரி செய்கிறார்கள். இங்கே பாட்டி இறந்த செய்தி வந்ததும் அவசரமாக டிக்கெட் போடுகிறார்கள். பிள்ளையிடம் “லீவுக்குப் போறோம்” என்கிறார்கள். விமானம் இறங்கி, காரில் வந்து, தெருமுனையில் பந்தலைப் பார்க்கும்போதுதான் பிள்ளைக்குத் தெரிகிறது. உங்கள் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பத்துப் பன்னிரண்டு மணி நேரப் பயணம் அந்தப் பிள்ளைக்குத் தேவையான நேரம். பாட்டியை நினைக்க, கேள்வி கேட்க, உங்கள் தோளில் சாய்ந்து அழக் கிடைக்கிற நேரம். அதை அதனிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

பெரியவர்கள் துக்கத்தைப் பூட்டி வைப்பது பற்றி இன்னொரு பழைய நாவலும் உண்டு. பிரான்சஸ் ஹாட்ஜ்சன் பர்னெட் 1911-இல் வெளியிட்ட ‘தி சீக்ரெட் கார்டன்’. மனைவி இறந்ததும் கிரேவன் என்ற பணக்காரர் அவர் நேசித்த தோட்டத்தைப் பூட்டிச் சாவியைப் புதைத்துவிடுகிறார். பத்து வருடம் நாடு நாடாகச் சுற்றுகிறார். பெற்ற மகன் இருட்டறையில் நோயாளியாகக் கிடக்கிறான். பெரியவர் துக்கத்தை விட்டு ஓடப் பயணம் போகிறார். நிஷாவோ துக்கத்தைத் தூக்கிக்கொண்டு பயணம் போகிறாள். இரண்டில் எது துணிச்சல் என்று நீங்களே சொல்லுங்கள்.

வகுப்பறையில் நான் கண்ட ஒன்றையும் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் ‘நான் சென்ற பயணம்’ என்று கட்டுரை கொடுத்தேன். எல்லோரும் ஊட்டி, கன்னியாகுமரி என்று எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் அப்பாவின் அஸ்தியைக் கரைக்க ராமேஸ்வரம் போனதை எழுதியிருந்தான். பஸ்ஸில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டது, பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டது, எல்லாம் இருந்தது. நான் மதிப்பெண் போட்டுவிட்டு, கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதினேன்: “அப்பாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?” மறுநாள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை. எல்லோரும் “அழாதே, நீதான் வீட்டுக்கு ஆம்பளை” என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பதினோரு வயதில்!

“டீச்சர், ரத்தமும் சாவும் வருகிற கதையைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது?” என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஏழு, எட்டு வயதுக்கு வேண்டாம். பத்துப் பதினொன்றுக்கு மேல் கொடுக்கலாம், கூடவே நீங்களும் படியுங்கள். நடைப்பயணமும் ரயில் காட்சியும் வரும் இடங்களில் பக்கத்தில் இருங்கள். செய்தியிலும் செல்போனிலும் நம் பிள்ளைகள் தினமும் சாவைப் பார்க்கிறார்கள். அங்கே அழுவதற்கு இடமில்லை, அடுத்த வீடியோ வந்துவிடும். புத்தகத்தில் நிறுத்தலாம், மூடி வைக்கலாம், “ஏம்மா இப்படி?” என்று கேட்கலாம். புத்தகம் காத்திருக்கும்.

இது வெறும் கற்பனையும் இல்லை. ஆசிரியரின் அப்பா சிறுவனாக இருந்தபோது மீர்ப்பூர் காஸிலிருந்து ஜோத்பூர் வந்தவர். அந்த எல்லையைத் தாண்டும் ரயில் பாதை 1965 போரோடு மூடிப்போனது. 2006-இல் தார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் மீண்டும் ரயில் ஓடியது, 2019-இல் அதுவும் நின்றுவிட்டது. பிறந்த மண்ணையும் பெற்றோர் புதைந்த மண்ணையும் போய்ப் பார்க்க முடியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போகக் கிடைத்த வழி நினைவு மட்டும். அந்த நினைவையும் பெரியவர்கள் பூட்டி வைத்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள்?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. இறந்தவரை இறந்துவிட்டார் என்றே சொல்லுங்கள், மெதுவாக, மடியில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். படத்துக்கு மாலை போடுவதோடு நிறுத்தாமல், அவர் எப்படிச் சிரிப்பார், யாரோடு சண்டை போடுவார், எந்தக் குழம்புக்கு இரண்டாம் முறை சோறு கேட்பார் என்று சொல்லுங்கள். அவர் பெயரை வீட்டில் சாதாரணமாகப் புழங்க விடுங்கள். சொல்லும்போது உங்களுக்கு அழுகை வந்தால் வரட்டும். அப்பா அழுவதைப் பார்த்த பிள்ளைக்குத் தானும் அழலாம் என்று தெரியும். பேசாத பிள்ளையாக இருந்தால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன எழுதினாய் என்று எட்டிப் பார்க்காதீர்கள்.

இந்த வாரம் ஒரு வேலை தருகிறேன். பழக்க தோஷம், வீட்டுப்பாடம் கொடுக்காமல் எனக்கு முடிக்கத் தெரியாது! உங்கள் பிள்ளை பார்த்தே இராத ஒரு மூத்தவரைப் பற்றி இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு கதை சொல்லுங்கள். பிள்ளை என்ன கேட்டது என்று கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்